எட்டுப் போட்ட பிறகும் கற்க வேண்டியவை

இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் பெற நம் மாநிலத்தில் அனைவரும் கடந்து வரும் தேர்வு, 'எட்டுப் போடுவது'. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத் திடலில் காலை ஊன்றாமல் எட்டு வடிவில் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். மெதுவான வேகத்தில் வண்டியைச் சமநிலையில் வைத்திருக்கத் தெரிகிறதா என்பதை அந்தத் தேர்வு சோதிக்கிறது. அதன்பின், உரிமத்தைக் காலாவதியாவதற்கு முன் புதுப்பித்து வருபவர் மறுபடி யாரிடமும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. இருபது வயதில் போட்ட எட்டு, பணி ஓய்வு வரை போதுமானதாகிவிடுகிறது.

ஆசிரியப் பணியை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். படிப்பை முடித்து, தகுதித் தேர்வில் தேறி, பணியில் சேர்ந்த பின்னும் நமக்குப் பயிற்சி முடிவதில்லை. குறுவள மையக் கூட்டம், வட்டார வள மையப் பயிற்சி, எண்ணும் எழுத்தும் பயிற்சி எனப் பணியிடைப் பயிற்சிகள் தொடர்கின்றன. இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ள தலைமையாசிரியரும் அவற்றில் பங்கேற்கிறார். அனுபவம் உள்ளவருக்கும் புதுப்பித்தல் தேவை என்பதை நம் துறை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே தேவை, நாம் பள்ளிக்கு ஓட்டிச் செல்லும் வண்டிக்கும் உண்டு.

நம்மில் பலர் பள்ளிக்குச் செல்வது பைக்கில் அல்லது ஸ்கூட்டரில்தான். போக வர 40 கி.மீ. ஓட்டும் ஓர் ஆசிரியர், ஆண்டுக்கு 220 வேலைநாள் என்று கொண்டால், 8,800 கி.மீ. ஓட்டுகிறார். இருபது ஆண்டுகளில் அது 1,76,000 கி.மீ. 'இவ்வளவு ஓட்டியவருக்கு இன்னும் என்ன பயிற்சி?' என்ற கேள்வி இயல்பாகவே எழும். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி சிறியதன்று. மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44 பேருக்கு மேல், இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. இங்கு பதிவானவை 64,105 விபத்துகள்.

அனுபவம் சொல்லித் தராதவை

கணக்குப் பாடத்தில் ஒரு மாணவர் நாள்தோறும் பத்துக் கணக்குகள் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரும் அவற்றைத் திருத்துவதில்லை. ஓராண்டு முடிவில் அவர் வேகமாகப் போடுவார். ஆனால் முதல் நாள் செய்த தவறு அப்படியே இருக்கும். அதைவிட, அந்தத் தவறு பழக்கமாக இறுகியிருக்கும். பயிற்சியோடு பின்னூட்டமும் சேர்ந்தால்தான் கற்றல் நிகழும் என்பது நமக்குத் தெரிந்த பாடம்.

சாலையில் அந்தப் பின்னூட்டம் கிடைப்பது அரிது. எதிரில் வருவது தெரியாத வளைவில் ஒருவர் பேருந்தை முந்துகிறார். அன்று எதிரில் எதுவும் வரவில்லை. செய்தது தவறு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை, மறுநாளும் முந்துகிறார். நூறு முறை ஒன்றும் நேராதபோது, அது தவறு என்ற எண்ணமே மறைந்து, 'எனக்கு இந்த ரோடு அத்துப்படி' என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சாலை திருத்தும் நாளில், திருத்திக்கொள்ள வாய்ப்பு மிஞ்சாமல் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. அன்றாட ஓட்டத்தில் நாம் செய்வது பெரும்பாலும் ஒரே வகையான செயல்கள்: கியர் மாற்றுவது, மெல்ல வேகம் குறைப்பது, வேகத்தடையில் ஏறி இறங்குவது. இவற்றில் கை தேர்ந்துவிடுகிறது. ஆனால் வண்டியை அதன் முழுத் திறனுக்கு நிறுத்த வேண்டிய கணம் ஆண்டுக்கு ஒருமுறைகூட வராமல் போகலாம். அதாவது, உயிர் காக்கும் திறன் எதுவோ அதில்தான் நமக்குப் பழக்கம் மிகக் குறைவு. 1,76,000 கி.மீ. ஓட்டியவரும் அந்த ஒரு செயலைப் பொறுத்தவரை புதியவரே.

நம் திறனை நாமே மதிப்பிடுவதிலும் சிக்கல் இருக்கிறது. சுவீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் திறனில் தாங்கள் மற்றவர்களுக்கு இடையே எந்த இடத்தில் இருக்கிறோம் என்று பங்கேற்றவர்களிடம் கேட்கப்பட்டது. அமெரிக்கப் பங்கேற்பாளர்களில் 93 விழுக்காட்டினரும், சுவீடன் பங்கேற்பாளர்களில் 69 விழுக்காட்டினரும் தங்களை மேல் பாதியில் வைத்துக்கொண்டனர். ஒரு வகுப்பில் 93 விழுக்காட்டினர் மேல் பாதியில் இருக்க முடியாது என்பது இடைநிலை அளவு நடத்திய எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

900 விபத்துகள் சொன்ன பாடம்

மோட்டார் சைக்கிள் விபத்துகள் குறித்த ஆய்வுகளில் இன்றளவும் பேசப்படுவது ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்த ஆய்வு. அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவரது குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் விபத்து நடந்த இடங்களுக்கே சென்று 900 விபத்துகளை நுணுகி ஆராய்ந்தது. மேலும் 3,600 காவல்துறை அறிக்கைகளையும் பகுத்தது. அறிக்கை 1981இல் வெளிவந்தது.

விபத்துக்கு உள்ளானவர்களில் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி எதுவும் பெறாதவர்கள். தாமாகவோ, வீட்டாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். ஆபத்து தெரிந்த கணத்திலிருந்து மோதல் வரை அவர்களுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 வினாடிக்கும் குறைவு. அந்த 2 வினாடியில் பெரும்பாலோர் ஒரே தவறைச் செய்தனர். பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டனர். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. வண்டியை வளைத்து விலகும் திறன் ஏறத்தாழ யாரிடமும் இல்லை.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு முடிவும் அதில் உண்டு. விபத்துக்குள்ளானவர்களின் மொத்தச் சாலை அனுபவம் சராசரியாக ஏறக்குறைய 3 ஆண்டு. ஆனால் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், விபத்துக்குள்ளான அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி 5 மாதம்கூட ஆகவில்லை. வண்டி மாறும்போது அனுபவத்தின் ஒரு பகுதி பின்தங்கிவிடுகிறது.

இது நமக்கு நேரடியாகப் பொருந்தும். பல ஆண்டுகள் கியர் பைக் ஓட்டியவர் ஸ்கூட்டருக்கோ மின்சார ஸ்கூட்டருக்கோ மாறுகிறார். பைக்கில் இடக்கைப் பிடி கிளட்ச். ஸ்கூட்டரில் அதே பிடி பின் பிரேக். பைக்கில் பின் பிரேக் வலக்காலில். ஸ்கூட்டரில் காலுக்கு வேலையே இல்லை. நிதானமாக ஓட்டும்போது குழப்பம் வராது. நாய் குறுக்கே ஓடும் கணத்தில் பழைய கைப்பழக்கமே முந்தும்.

பிரேக்கின் கணக்கு

'முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம்' என்று நம் ஊர்களில் பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதனால் பலர் முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை. இந்த அறிவுரை எவ்வளவு விலை கேட்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பேருந்து திடீரென நிற்கும்போது நிற்கும் பயணிகள் முன்னோக்கிச் சாய்கிறார்கள். வண்டியிலும் அவ்வாறே நடக்கிறது. பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்தின் மீது இறங்குகிறது. முன் டயர் சாலையை அழுத்திப் பிடிக்கிறது. பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை அழுத்தி நிறுத்த முயன்றால் அது எளிதில் பூட்டிக்கொண்டு சறுக்கும். ஆகவே நிறுத்தும் ஆற்றலின் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது.

மணிக்கு 60 கி.மீ. என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட 1 வினாடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் வண்டி சுமார் 17 மீட்டர் போய்விடும். நல்ல உலர்ந்த தார்ச்சாலையில் இரு பிரேக்கையும் சரியாகப் பயன்படுத்துபவர் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் வீதம் வேகம் குறைக்கிறார் என்றும், பின் பிரேக்கை மட்டும் நம்புபவர் அதில் பாதி, 3.5 மீட்டர் வீதம் குறைக்கிறார் என்றும் எடுத்துக்கொள்வோம். முதலாமவர் பிரேக் பிடித்த பின் சுமார் 20 மீட்டரில் நிற்பார். இரண்டாமவருக்குச் சுமார் 40 மீட்டர் வேண்டும். முதலாமவர் முழுமையாக நின்றுவிட்ட அதே இடத்தைக் கடக்கும்போது இரண்டாமவரின் வேகம் இன்னும் மணிக்கு 42 கி.மீ. இருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நிற்பதாக எண்ணிப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

குப்புற விழும் அச்சத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. முன் பிரேக்கைத் திடுமெனப் பறித்தால், எடை முன்னே இறங்குவதற்கு முன்பே சக்கரம் பூட்டிக்கொள்ளும். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல, மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கைப்பிடி நேராக இருக்க வேண்டும். மணல், ஜல்லி, ஈரமான சாலைக்கோடு, இரும்பு மூடி ஆகியவற்றின் மீது மிக மென்மையாகவே பிடிக்க வேண்டும். இந்த நுட்பம் படித்தால் புரியும். கைக்கு வருவதற்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பயிற்சித் திடலுக்கு வேலை இங்கேதான்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பும், அதற்குட்பட்டவற்றில் இரு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் அமைப்பும் கட்டாயமாகின. இவை பெரிதும் உதவுகின்றன. ஆனால் தம் வண்டியில் இருப்பது எது, ஏபிஎஸ் ஒரு சக்கரத்துக்கா இரண்டுக்குமா, அது இயங்கும்போது பிடி எப்படி அதிரும் என்பது பலருக்குத் தெரியாது. பிடி அதிர்ந்ததும் பழுது என்று பயந்து பிரேக்கை விட்டுவிடுபவர், அந்த அமைப்பின் பயனை இழக்கிறார்.

விலகும் திறனும் இப்படிப்பட்டதே. ஓரளவு வேகத்தில் செல்லும் வண்டியை இடப்பக்கம் சாய்க்க, இடக்கைப்பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ள வேண்டும். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் நாம் எல்லோரும் அறியாமலே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அறிந்து செய்யப் பழகியவர் திடீர்ப் பள்ளத்தை வேகமாக விலகிச் செல்ல முடியும். பிரேக் பிடிப்பதையும் விலகுவதையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடாது என்பதையும், பள்ளத்தையே பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும், போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும் என்பதையும் பயிற்சியில் உணர்ந்து கற்கலாம்.

கண்ணுக்குப் பயிற்சி

பிரேக் பிடிக்கும் திறன் கடைசி 2 வினாடிக்கானது. அந்த 2 வினாடியை 5 வினாடியாக்குவது கண்ணின் வேலை. இங்கிலாந்தில் உரிமம் பெற விரும்புவோர் 2002 முதல் 'ஆபத்தை முன்னுணரும் தேர்வு' ஒன்றையும் எழுதுகிறார்கள். சாலைக் காட்சிகள் திரையில் ஓடும். ஆபத்து உருவாகத் தொடங்குவதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு முன்னதாகக் கண்டுகொள்கிறாரோ அவ்வளவு மதிப்பெண்.

இதில் அனுபவசாலிகளுக்கு ஒரு நன்மை உண்டு. பல சூழல்களைப் பார்த்த கண் சீக்கிரம் கண்டுகொள்ளும். ஆனால் நாள்தோறும் போகும் பாதையில் அதே கண் தளர்ந்துவிடுகிறது. மனம் முதல் பாடவேளையில் இருக்கிறது, அல்லது எமிஸ் பதிவேற்றத்தில் இருக்கிறது.

இதற்கு இங்கிலாந்துக் காவல்துறைப் பயிற்சியில் ஓர் எளிய முறை உண்டு. பார்ப்பதையும், அதற்காகச் செய்யப்போவதையும் ஓட்டிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாசிப்புப் பாடத்தில் ஆசிரியர் தாம் சிந்திப்பதை உரக்கச் சொல்லிக் காட்டுவதைப் போன்றதே இது. நம் சாலையில் அது இப்படி இருக்கும்: "முன்னால் பஸ் நிற்கிறது. அதற்கு முன்பக்கமாக யாராவது இறங்கி ஓடி வரலாம். வேகத்தைக் குறைக்கிறேன். ஹாரன் தருகிறேன். வலப்பக்கம் இடம் விடுகிறேன்." "பாதிச் சாலையில் நெல் காயப் போட்டிருக்கிறார்கள். எதிரில் வரும் வண்டி என் பக்கம் வரும்." "சீமைக்கருவேல மரம் வளைவை மறைக்கிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறேன், வளைவுக்குள் அல்ல." "ஓர் ஆடு கடந்துவிட்டது. பின்னால் இன்னொன்று வரும்."

வாய்விட்டுச் சொல்லும்போது மனம் வேறெங்கும் போக முடியாது. எதைப் பார்க்கத் தவறுகிறோம் என்பதும் தெரியவரும். கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் 10 கி.மீ. கடந்திருந்தால், அந்த 10 கி.மீ. முழுவதும் பின்னால் வருபவற்றைப் பார்க்கவே இல்லை என்று பொருள்.

திறன் கூடினால் மட்டும் போதுமா?

பயிற்சி எதுவாயினும் நன்மையே தரும் என்று கொள்வதும் சரியன்று. நார்வே நாட்டில் ஒரு காலத்தில், வழுக்கும் சாலையில் காரைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். விளைவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது: இளம் ஆண்களிடையே வழுக்கும் சாலை விபத்துகள் அதிகரித்தன. 'சறுக்கினாலும் எனக்குச் சமாளிக்கத் தெரியும்' என்ற நம்பிக்கை, மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் வேகத்தைத் தந்துவிட்டது. திறன் ஒரு பங்கு கூட, துணிச்சல் இரு பங்கு கூடியது.

இதிலிருந்து ஐரோப்பிய ஆய்வாளர்கள் பெற்ற தெளிவு இது. ஓட்டுதலை நான்கு படிகளாகக் காணலாம். அடிப்படி, வண்டியைக் கையாளுதல். அடுத்தது, சாலைச் சூழலைப் படித்தல். மூன்றாவது, பயணம் பற்றிய முடிவுகள்: எப்போது புறப்படுவது, எந்த வழி, யாரை ஏற்றிக்கொள்வது. நான்காவது, ஓட்டுபவரின் இயல்பு: அவசரம், கோபம், களைப்பு, பிறர் முன் காட்டிக்கொள்ளும் ஆசை. மேல்படியில் செய்யும் தவறைக் கீழ்ப்படித் திறனால் எப்போதும் ஈடுகட்ட முடியாது. காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு 10 நிமிடம் தாமதமாகப் புறப்பட்டவர் எவ்வளவு நன்றாகப் பிரேக் பிடித்தாலும், அந்த 10 நிமிடத்தைச் சாலையில் மீட்க முயலும் வரை ஆபத்து அவருடனேயே வருகிறது.

நல்ல பயிற்சியை எப்படி அறிவது?

அனுபவமுள்ளவர்களுக்கென்றே அமைந்த பயிற்சிகள் பல நாடுகளில் உள்ளன. இங்கிலாந்தில் காவல்துறையினர் நடத்தும் 'பைக்சேஃப்' திட்டத்தில், உரிமம் உள்ளவர் தம் சொந்த வண்டியில் சாலையில் ஓட்டுவார். பயிற்சி பெற்ற காவலர் பின்தொடர்ந்து கவனித்து, பின்னர் நிறைகுறைகளை எடுத்துச் சொல்வார். அபராதம் விதிப்பது அதன் நோக்கமன்று. வகுப்பறை உற்றுநோக்கலும் அதன்பின் நடக்கும் கலந்துரையாடலும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அமெரிக்காவில் 1973இல் தொடங்கப்பட்ட மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிறுவனம், புதியவர்களுக்குத் தனியாகவும் அனுபவமுள்ளவர்களுக்குத் தனியாகவும் வகுப்புகளை வகுத்துள்ளது.

நம் நாட்டிலும் வாகனத் தயாரிப்பாளர்கள் சிலர் பாதுகாப்பு ஓட்டுதல் பயிற்சி அளிக்கிறார்கள். ஜனவரியில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளின்போது போக்குவரத்துத் துறையையும் காவல்துறையையும் பள்ளிகள் அணுகலாம். பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில:

1. நம் சொந்த வண்டியிலேயே பயிற்சி உண்டா?
2. அவசர பிரேக்கைப் பாதுகாப்பான திடலில் பலமுறை செய்து பார்க்க வாய்ப்பு உண்டா, அல்லது சொற்பொழிவு மட்டும்தானா?
3. ஒவ்வொருவரையும் கவனித்துத் தனித்தனியாகக் குறை சொல்வார்களா?
4. ஆபத்தை முன்னுணர்வதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா, அல்லது சாகசம் மட்டும்தானா?
5. முடிவில், 'இனி எனக்கு எல்லாம் தெரியும்' என்ற எண்ணம் வருமா, 'இன்னும் இடைவெளி விட்டுப் போக வேண்டும்' என்ற எண்ணம் வருமா?

ஐந்தாவது கேள்விக்கான விடையை முன்பு அங்கே பயின்றவர்களிடம் பேசினால் அறியலாம்.

இன்றே தொடங்கத்தக்கவை

பயிற்சிக்குச் செல்லும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பள்ளிக்குச் செல்லும் வழியைத் தாளில் வரைந்து, ஆபத்தான ஐந்து இடங்களைக் குறியுங்கள். அதே வழியில் வரும் சக ஆசிரியரையும் குறிக்கச் சொல்லி இரண்டையும் ஒப்பிடுங்கள். நீங்கள் குறிக்காத இடமே உங்களுக்குக் கிடைத்த பாடம். வாரத்தில் ஒரு நாள் முழு வழியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள்.

முன் வண்டி கடந்த ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் வைத்து, நாம் அந்த இடத்தை அடையும் வரை எண்ணிப் பார்ப்பது இடைவெளியை அளக்கும் எளிய வழி. 2 வினாடிக்குக் குறையக்கூடாது. மழையிலும், பின்னால் ஆள் இருக்கும்போதும் அதை இரட்டிப்பாக்க வேண்டும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பிரேக் பயிற்சியைப் பள்ளி விளையாட்டுத் திடலில் செய்யக்கூடாது. மண் தரையில் முன் சக்கரம் சறுக்கும். வாகனம் வராத, சுத்தமான தார் அல்லது கான்கிரீட் தளத்தில், தலைக்கவசமும் ஷூவும் அணிந்து, தெரிந்தவர் ஒருவரின் மேற்பார்வையில், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் தொடங்கலாம். புதிய வண்டி வாங்கியவர் முதல் வாரத்திலேயே இதைச் செய்வது நல்லது.

தலைக்கவசத்தைப் பற்றி நமக்குத் தெரியும்; இருந்தும் கன்னப் பட்டையை மாட்டாமல் செல்பவர்கள் நம்மில் உண்டு. தலைக்கவசம், இறப்பின் வாய்ப்பைச் சுமார் 42 விழுக்காடும் தலைக்காயத்தின் வாய்ப்பைச் சுமார் 69 விழுக்காடும் குறைக்கிறது என்று உலகளாவிய ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று காட்டியது. பட்டை மாட்டாத கவசம் மோதும் முன்பே கழன்றுவிடும். 2022இல் தலைக்கவசம் அணியாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னிருக்கையில் இருந்தவர்கள். பின்னால் அமர்பவருக்கும் கவசம் வேண்டும். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொண்ட பின்பே வண்டி நகர வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்லும்போது கவசமும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக்கூடாது என்பது 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள விதி.

வகுப்பறைக்குள்

ஒன்பதாம் வகுப்பின் 'இயக்கம்' பாடமும் பத்தாம் வகுப்பின் 'இயக்க விதிகள்' பாடமும் மேலே கண்ட கணக்குகளுக்குப் பொருத்தமான இடங்கள். வேகம் 40இலிருந்து 60 ஆகும்போது ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ 2.25 மடங்காகிறது. 'ஏன்?' என்று கேட்டு மாணவர்களையே கண்டுபிடிக்கச் செய்யலாம். பள்ளித் திடலில் நாடா வைத்து 37 மீட்டரையும் 57 மீட்டரையும் அளந்து, இரு மாணவர்களை அங்கே நிறுத்தினால், எண் கண்ணுக்குத் தெரியும் தூரமாக மாறும். பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி பெறும் மாணவர்களுக்கு, இரு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பதும் போகும் வழியைப் பார்ப்பதும் மிதிவண்டியிலிருந்தே பழக வேண்டிய பாடங்கள். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளோடு 'பேருந்துக்குப் பின்னால் என்ன இருக்கலாம்?' என்று படம் பார்த்துப் பேசலாம்.

உரிமம் பெறும் வயது வராத பிள்ளைகள் பைக்கில் வருவது பல ஊர்களில் நடக்கிறது. 2019 சட்டத் திருத்தப்படி இதற்குப் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் 3 ஆண்டு வரை சிறைக்கும் ஆளாகலாம் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தெரிவிப்பது நம் கடமை. ஆனால் அந்தக் கூட்டத்தில் நாம் சொல்லும் சொல்லுக்கு எடை தருவது, அன்று காலை நாம் வாயிலில் எப்படி வந்து இறங்கினோம் என்பதே.

குறுவள மையக் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கக் கோரலாம். ஓரிரு மூத்த ஆசிரியர்கள் முதலில் முன்வந்தால் மற்றவர்களுக்குத் தயக்கம் நீங்கும். இருபது ஆண்டு ஓட்டியவர் முன் பிரேக்கை முதல் முறையாகச் சரியாகப் பிடிக்கக் கற்பதில் வெட்கம் ஏதுமில்லை. நன்றாகத் தெரிந்தது என்று நினைப்பதையும் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதைத்தானே நாம் மாணவர்களுக்கு நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.